தெருமுனைக்கு வரும் வாசனை

அந்தத் தராசு சரியில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அந்தோணிசாமி கறிக்கடைக்கே போனார். பச்சை வெளிச்சத்தில் எண் ஓடுகிற தராசு. தட்டுத் தராசு என்றால் முள்ளைப் பார்க்கலாம், கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இதில் எதைப் பார்ப்பது?

"மொதல்ல தட்டத் தொடைடா" என்றார்.

தணிகைவேல் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தான். வில்லியனூருக்கு மேற்கே, வாய்க்கால் கரையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டுக்கறி போடுகிறவன். மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வருகிற கூட்டம்தான் அவனுக்கு வியாபாரம்.

"தொடச்சிதான் வெச்சிருக்கேன் பெரிப்பா. நீ வந்துட்ட, இன்னொரு தரம் தொடைக்கிறேன். இன்னா, ஈரலா?"

"ஈரல் வாணாம். சப்பையில குடு. ஜவ்வு இருக்கணும்."

"நீ சப்பை கேட்டு நா பாத்ததே இல்லியே."

"பொண்ணு வருது."

"மஸ்கட்டு அக்காவா?"

"வேற எத்தினி பொண்ணுடா இருக்குது எனக்கு? இந்தா, அந்தக் கொழுப்ப நைசா உள்ள தள்றியே, நா பாக்கலன்னு நெனச்சியா?"

"கொழுப்பு இல்லன்னா கறி வரட்டி மாதிரி ஆயிடும் பெரிப்பா. பிலோமினா பெரிம்மாவா இருந்தா அதுவே கேட்டு வாங்கும்."

அந்தோணிசாமி வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கிருந்து ஒரு சண்டை தொடங்கும். இன்று தொடங்கவில்லை.

"சரி, போடு" என்றார்.

தணிகைவேல் தலையைத் தூக்கிப் பார்த்தான். இந்த மனுஷன் கொழுப்போடு கறி வாங்கிப் போவதை அவன் அப்பன் காலத்திலிருந்து யாரும் கண்டதில்லை.

அவர் மனைவி பிலோமினா போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் ஜெயசுதா மஸ்கட்டில் நர்ஸு வேலையில் இருந்தாள். அவள் வேலை பார்த்த இடத்தில் லீவு கொடுக்கவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். போனைப் பிடித்தது பக்கத்து வீட்டுக் கனகாம்பாள். அழுதுகொண்டே பிடித்ததில் பாதி நேரம் வானமும் மீதி நேரம் யாரோ ஒருவருடைய குடையும்தான் மகளுக்குத் தெரிந்தது. தாயைக் குழிக்குள் இறக்கியதை அவள் பார்க்கவே இல்லை.

இப்போது மாசி பிறந்த பிறகுதான் லீவு கிடைத்திருந்தது. நாலு நாளைக்கு முன்னால் போன் செய்தாள்.

"அப்பா, நா டவுன்லயே ரூமு போட்டுக்கறேன். கல்லறைக்குப் போய்ட்டு, உங்களையும் வந்து பாத்துட்டு, திரும்பிடறேன்."

"வூடு இருக்கறப்ப எதுக்கு ரூமு?"

"அந்த வூட்ல அம்மா இல்லாம எப்டிப்பா உக்காந்து சாப்புடறது? என்னால முடியாது. கேக்காதீங்க."

அந்தோணிசாமிக்குத் தேற்றிப் பேச வராது. பஞ்சாலையில் மூட்டை தூக்கியவர். எதையும் தூக்கித் தோளில் போடத் தெரியும், இறக்கத் தெரியும், அவ்வளவுதான். என்ன சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னார்.

"மக்ரோனி செஞ்சு வெக்கிறேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தார்.

"அம்மா செய்ற மக்ரோனியா?" என்றாள் ஜெயசுதா. குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"ஆமா. அதான்."

"உங்களுக்குத் தெரியுமா அது?"

"இன்னா பெரிய இது. தெரியும்."

"சரிப்பா. வரேன். சாப்புட்டுட்டுப் போறேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். தங்குகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு தட்டுச் சோற்றுக்காகவாவது வீட்டுக்குள் வந்து உட்காருவாள். உட்கார்ந்தவளை எழுந்திருக்காமல் வைப்பது அந்த மக்ரோனியின் பொறுப்பு. அந்தோணிசாமி கணக்கு அப்படித்தான் ஓடியது.

கணக்கில் ஒரே ஓட்டை, மக்ரோனி செய்ய அவருக்குத் தெரியாது.

அது பிலோமினா டவுனில் கற்றுக்கொண்டு வந்த சமையல். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருஷம் ஒரு சொல்தா வீட்டில் அவள் சமையல் செய்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு மாட்டுக்கறியைப் பொறுமையாக வேகவைத்து, தக்காளியில் குழைத்து, அதில் மக்ரோனியைப் போட்டுக் கிளற வேண்டும். அதை அப்படியே கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குச் செய்து போட்டாள்.

அந்தோணிசாமி அதைத் தொட்டதில்லை. முதல் தடவை தட்டில் வைத்தபோது உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, புழு மாதிரி" என்று தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தட்டில் சோறுதான் வந்தது. சோறும், மேலே அந்தக் கறிக்குழம்பும். மகள் மக்ரோனியோடு சாப்பிடுகிறாள், நாம் சோற்றோடு சாப்பிடுகிறோம், குழம்பு ஒன்றுதானே என்று அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

அடுப்படி பக்கம் அவர் போனதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேராகச் சாராயக்கடை. அங்கே நாலு பேரோடு உட்கார்ந்து, மேஸ்திரியிலிருந்து மந்திரி வரைக்கும் எல்லாரும் திருடன்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் எழுந்து வருவார். தெருமுனையில் கரண்டுக் கம்பம் இருக்கிறது. அந்தக் கம்பத்துக்கு வந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை. வடகம் தாளித்த வாசனை. அவ்வளவுதான், கால் தானாக வீட்டுக்கு நடக்கும்.

அந்தச் சமையலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த வாசனை மட்டும்தான்.

கறியோடு வீடு திரும்பியவர் மதிலோரம் நின்று தொண்டையைச் செருமினார். மதிலுக்கு அந்தப் பக்கம் கனகாம்பாள் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிலம், ஒரு கறவை மாடு, மாடி வைத்த வீடு. மீன் தின்பாள், ஆட்டுக்கறி தின்பாள், மாட்டுக்கறி மட்டும் அவர்கள் வீட்டில் ஆகாது. அதற்காக யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

"கனகம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுண்ணே. இன்னிக்குதான ஜெயா வருது?"

"சாயங்காலம் வருது. பிலோமினா அந்த மக்ரோனிய எப்டிச் செய்வா?"

கனகாம்பாள் வைக்கோலைக் கீழே போட்டாள். "என்னையா கேக்கற? நா இன்னா அத தின்னு பாத்தனா?"

"தின்ன வாணாம். மோந்து பாத்திருப்ப இல்ல?"

அவள் சிரித்துவிட்டாள். "அத சொல்லு. காத்து இந்தப் பக்கம்தான அடிக்குது, மூக்க இன்னா கழட்டியா வெக்க முடியும்?" என்றவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "மொதல்ல வெங்காயம் வதங்கும். அப்புறம் கறி வேவும், அது ரொம்ப நேரம். அப்புறம் தக்காளி. எல்லாத்துக்கும் கடசியா வடகம் தாளிக்கிற வாசன வரும். அது வந்தா மணி ஒண்ணு. நா சோத்துக்கு உலை வைப்பேன்."

"அதான். நானும் அதத்தான் தெருமுனையில புடிப்பேன்."

"அப்ப சரி. ரெண்டு பேரு சொல்லும் ஒண்ணா இருக்குதுல்ல. வடகம்தான் அதுக்கு உசுரு."

சொல்லிவிட்டுக் கனகாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். வடகம் என்றால் எந்த வடகம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சித்திரை வெயிலில் கனகாம்பாள் வீட்டு மாடியில்தான் வருஷா வருஷம் வடகம் போடுவார்கள். அந்தோணிசாமி வீட்டுக்குக் கூரை சிமெண்டு ஷீட்டு, அதில் ஏற முடியாது. சின்ன வெங்காயமும் பூண்டும் நசுக்கி, உளுந்தும் கடுகும் வெந்தயமும் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசைந்து, உருட்டிக் காயப்போட்டு, மறுநாள் உடைத்து மறுபடி உருட்டி, அது கறுத்துச் சுருங்கும் வரைக்கும் இரண்டு பெண்களும் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார்கள். உள்ளேயும் காயட்டும் என்று பிலோமினா ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலை வைத்து ஒரு குழி அழுத்துவாள். கனகாம்பாளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. உருண்டையைப் பார்த்தே இது யார் வீட்டுப் பங்கு என்று சொல்லிவிடலாம்.

போன சித்திரையில் போட்டதில் எல்லாம் தீர்ந்து, ஒரே ஒரு உருண்டை ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் கிடந்தது. அந்தோணிசாமி அதைத் தாளிக்கவில்லை. ரசம் வைத்தாலும் கடுகோடு நிறுத்திக்கொள்வார். சில நாள் மத்தியானத்தில் மூடியைத் திறந்து மூக்கை வைப்பார். உடனே மூடிவிடுவார். அதிக நேரம் திறந்து வைத்தால் வாசனை போய்விடும் என்று பயம்.

"ஓங்கிட்ட இல்லியா?" என்று கேட்டார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏதுண்ணே. எம் பங்கு பொங்கலுக்கே தீந்துபோச்சு. கட வடகம்தான் இருக்குது. அது வெறும் வெங்காயச் சருகு."

"கடக்காரன் திருடன்" என்றார் அந்தோணிசாமி.

"அது சரி. நீ அத இன்னும் எத்தினி நாளைக்குத்தான் மோந்து மோந்து பாப்ப? அது இன்னா படமா, மாலை போட்டு மாட்டி வெக்க? கொழம்புல போடத்தான அக்கா உருட்டிச்சு."

"ஒன் வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மக்ரோனியை முந்தின நாளே கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்தார். கடைப் பையன் முதலில் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்ததை எடுத்துக் காட்டினான். அது இல்லை, வளைந்த குழாய் என்று விரலை மடக்கிக் காட்டி, பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்து, உடைந்தது எத்தனை என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். பிலோமினாவின் அடிகனமான சட்டியை இறக்கினார். குக்கர் வேண்டாம். மூடி போட்டுப் பூட்டிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று எவனுக்குத் தெரியும்?

வெங்காயத்தை அரிந்தார். கண் எரிந்தது, துடைத்துக்கொண்டார். எண்ணெயில் வதக்கினார். கறியைப் போட்டார். உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு. தண்ணீர் ஊற்றித் தட்டை மூடி, அந்தத் தட்டின் மேலும் தண்ணீர் ஊற்றி வைத்தார். பிலோமினா அப்படிச் செய்து ஒருநாள் பார்த்த நினைவு. அடுப்பின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கறி வேக நேரம் எடுத்தது. இடையிடையே ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை. தணிகைவேலைத் திட்டினார். மறுபடி நசுக்கினார். கொஞ்சம் இளகியிருந்தது. திட்டியதைப் பாதி திரும்ப எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நெருங்கும்போது கறி பதத்துக்கு வந்தது. கொழுப்பெல்லாம் கரைந்து குழம்பு பளபளவென்று இருந்தது. பயல் சொன்னது சரிதான். தக்காளியைப் பிழிந்து விட்டார். சோற்றுக்குழம்புதானே என்ற எண்ணத்தில் மிளகாய்த்தூளும் கை அளவாகப் போட்டார்.

இன்னொரு அடுப்பில் மக்ரோனி வெந்தது. அரிசியைப் பார்ப்பது மாதிரி ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்து, பதம் வந்ததும் சோறு வடிப்பது போலவே சாய்த்து வடித்தார்.

"அண்ணே, கஞ்சித் தண்ணி வடிச்சியா?" மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல். ஆவியைப் பார்த்துவிட்டாள்.

"கஞ்சி இல்ல. மக்ரோனித் தண்ணி."

"கறி பட்டுதா அதுல?"

"இல்ல. வெறும் மாவுதான்."

"அப்ப குடு. மாடு குடிக்கும்."

சட்டியைத் தூக்கி மதில்மேல் வைத்தார், அவள் வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். மாடு ஒரு தடவை மோந்து பார்த்தது, பிறகு தொட்டியைக் காலி செய்தது. புருஷன் ஒதுக்கின மக்ரோனியை மாடாவது ஒதுக்கவில்லையே என்று பிலோமினா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

பிறகு பாட்டிலை எடுத்தார்.

மூடியைத் திருகினார். உருண்டையை உள்ளங்கையில் கவிழ்த்தார். எலுமிச்சம்பழ அளவு இருந்தது சுருங்கி நெல்லிக்காய் அளவாகியிருந்தது. கறுப்பு. நடுவில் அந்தக் குழி. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அவர் விரல் பெரிது, மூட்டை தூக்கிக் காய்த்த விரல். குழி சின்னது.

வாணலியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. போடாமலே விட்டால் என்ன? மகளுக்குத் தெரியவா போகிறது? தெரியும். சின்ன வயதிலிருந்து தின்றவள். முதல் வாயிலேயே தெரிந்துவிடும், இது அம்மா கை இல்லை என்று. எழுந்து போய்விடுவாள். போட்டால் இது போய்விடும். போடாவிட்டால் அவள் போய்விடுவாள்.

"எழவு" என்றார், யாரிடமும் இல்லாமல். உருண்டையை நசுக்கி எண்ணெயில் போட்டார்.

சடசடவென்று பொரிந்தது. அந்த வாசனை எழும்பி ஷீட்டுக் கூரையில் முட்டி, வீடு முழுக்க இறங்கியது. ஐப்பசியிலிருந்து இந்த வீட்டில் இல்லாத ஒன்று ஒரே மூச்சில் திரும்பி வந்து நின்றது. வாணலியை அப்படியே குழம்பில் கவிழ்த்துக் கிளறிவிட்டு, அந்தோணிசாமி முக்காலியில் உட்காரப் போனார். உட்கார முடியவில்லை.

சரியாக வந்திருக்கிறதா? அடுப்படியில் நின்று அவருக்குத் தெரியாது. அந்த வாசனையை அவர் அடுப்படியில் நின்று பிடித்ததே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். தெருவைக் கடந்து, முனையில் இருக்கிற கம்பத்தடிக்குப் போனார். அங்கே திரும்பி நின்றார், சாராயக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி. மூக்கை உறிஞ்சினார்.

வந்தது. மெல்ல, ஆனால் சந்தேகமில்லாமல் வந்தது. அதே வாசனை. இப்போது நடந்து போனால் கதவு சாத்தாமல் கிடக்கும், தட்டு கழுவி வைத்திருக்கும், "வந்துட்டாரு பாரு மகாராசா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தோணிசாமி கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நடக்கவில்லை. நடந்தால்தானே குரல் வராதது தெரியும்.

"அண்ணே." கனகாம்பாள் வாசலில் நின்று கையை ஆட்டினாள். "அங்க இன்னா பண்ற? அடுப்பு எரியுது. அடி புடிச்ச வாசன வருது பாரு."

ஓடினார். அந்த வயதுக்கு ஓட்டம் என்று சொல்லத்தக்க அளவுக்கு ஓடினார். கொஞ்சம்தான் பிடித்திருந்தது. மேலாக எடுத்து மக்ரோனியோடு கிளறி மூடி வைத்தார்.

இருட்டுகிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. ஜெயசுதா இறங்கினாள். மெலிந்திருந்தாள். ஆட்டோக்காரரிடம், "கொஞ்சம் நில்லுங்கண்ணே, வந்துடறேன்" என்றாள். பெட்டி உள்ளேயே இருந்தது. அந்தோணிசாமி அந்தப் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பஸ்ஸுல நல்ல எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். கேட்க நினைத்தது அது இல்லை.

"கெடச்சுதுப்பா."

வாசற்படியில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள். கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு விடைத்தது. கண் அடுப்படிப் பக்கம் போனது. அங்கே யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பது மாதிரி. அந்தோணிசாமிக்கு உள்ளே குளிர்ந்தது. சரியாக வந்துவிட்டது என்று நினைத்தார்.

"கைய கழுவிட்டு உக்காரு."

தட்டை வைத்தார். நிறைய வைத்தார். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார். ஜெயசுதா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய். தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பார்த்தார். அழுகைதான், ஆனால் நடுவில் சிரிப்பும் இருந்தது.

"இன்னா?" என்றார்.

"இது மக்ரோனி இல்லப்பா."

"பாக்கெட்ல மக்ரோனின்னுதான் குடுத்தான். ஏமாத்திட்டானா?"

"அதில்ல. வடகம் போட்டிருக்கீங்க. அம்மா இதுல வடகமே போட மாட்டாங்க."

"போடுவா. நானே மோந்திருக்கேன். கனகம்மாவும் மோந்திருக்கா. ரெண்டு பேரும் பொய்யா சொல்றோம்?"

"அது உங்க சட்டிப்பா."

"எது?"

ஜெயசுதா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கறிய மட்டும்தான் ஒண்ணா வேவ வெப்பாங்க. வெந்ததும் ரெண்டு சட்டியாப் பிரிச்சிடுவாங்க. ஒண்ணுல தக்காளி, மொளகு, ஒரு சிட்டிக சக்கர, கடசியா வெண்ண. அது எனக்கு. தூளு கிடையாது, தாளிப்பு கிடையாது. பன்னெண்டு மணிக்கே நா சாப்புட்டு முடிச்சிருவேன். இன்னொண்ணு அப்பா சட்டி. அதுலதான் தூளு, புளி, வடகம் எல்லாம்."

"எனக்கு இன்னாத்துக்குத் தனி சட்டி? நா கேக்கவே இல்லியே."

"புழுன்னு சொன்னீங்களாமே."

அந்தோணிசாமி அவள் தட்டிலிருந்த மக்ரோனியைப் பார்த்தார்.

"அந்த வடகத்த மட்டும் தாளிக்காம வெச்சிருப்பாங்க" என்றாள் ஜெயசுதா. "சன்னல்ல நின்னு தெருவப் பாத்துட்டே இருப்பாங்க. ஒரு மணி ஆவப்போதுன்னா எண்ணெய காய வெப்பாங்க. ஏம்மா இப்பன்னு ஒருநாள் கேட்டேன். உங்கப்பன் கம்பத்தாண்ட வர நேரம்டி, இந்த வாசன மூக்குல ஏறுனாத்தான் நேரா வூட்டுக்கு வரும், இல்லன்னா இன்னொரு கிளாசுக்குத் திரும்பிடும்னாங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் மாடு கழுத்தை உதறியது.

முப்பது வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கம்பத்தடியில் தன் கால்தான் தன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தது என்று நினைத்திருந்தார். எவனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன். ஒருத்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சன்னலில் நின்று, வாரா வாரம் மூக்கணாங்கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறாள். கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

"திருட்டுக் கழுத" என்றார்.

சட்டிப் பக்கம் பார்த்து, "அப்ப இது கெட்டுப்போச்சு. கொட்டிடவா?" என்று கேட்டார். "வடகமும் போச்சு. அவ்ளோதான் இருந்துது."

"எது, அம்மா போட்டதா?"

"கடசி உருண்ட."

ஜெயசுதா தட்டைப் பார்த்தாள். ஒரு மக்ரோனித் துண்டில் கருகிய கடுகும் வெங்காயச் சருகும் ஒட்டியிருந்தது. அதை எடுத்து வாயில் வைத்து மெதுவாக மென்றாள். பிறகு எழுந்து எச்சில் கையோடு அடுப்படிக்குப் போனாள். இன்னொரு தட்டில் வைத்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களும் சாப்புடுங்க."

"சோறு வடிக்கல."

"இதயே சாப்புடுங்க. புழு இல்ல, பயப்படாதீங்க."

அந்தோணிசாமி ஒன்றை எடுத்தார். விரலில் வழுக்கியது. வாயில் போட்டார். மெத்தென்று ஒன்றும் இல்லாதது மாதிரி இருந்தது. பிறகு வடகம் வந்தது. கறி வந்தது. அவருக்கு வைத்த சட்டியையும் மகளுக்கு வைத்த சட்டியையும் பிலோமினா ஒருநாளும் கலந்ததில்லை, அவர் கலந்து வைத்திருந்தார்.

"மோசமில்ல" என்றார். "இத்தினி வருசம் நீ மட்டும் தின்னுருக்க."

"இந்த வடகக் கொழம்ப நீங்க மட்டும் தின்னுருக்கீங்க" என்றாள் மகள்.

இரண்டு பேரும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்கள். அடிபிடித்ததையும் சுரண்டி எடுத்தார்கள். வெளியே ஆட்டோக்காரர் ஒருமுறை ஆரன் அடித்தார். ஜெயசுதா எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனாள். அந்தோணிசாமி தட்டில் விரலை வைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பேச்சுச் சத்தம் கேட்டது. ஆட்டோ கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மகள் அதில் போய்விட்டாளா என்று எழப் போனார். பிறகு பெட்டியின் சக்கரம் வாசற்படியில் இடித்தது.

"பாய் எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

"அங்கியேதான். கதவுக்குப் பின்னால."

மதில்மேல் கனகாம்பாளின் தலை தெரிந்தது. "ஜெயா வந்துட்டியா கண்ணு? இன்னாண்ணே, மக்ரோனி சரியா வந்துச்சா? எனக்கு இங்க வாசன சரியாத்தான் வந்துச்சு."

ஜெயசுதா தகப்பனைப் பார்த்தாள்.

"சரியாத்தான் வந்துச்சு கனகம்மா" என்றார் அந்தோணிசாமி.

தட்டுகளை எடுத்துக்கொண்டு மகள் அடுப்படிக்குள் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம். சட்டி, வாணலி, கரண்டி என்று ஒவ்வொன்றாகக் கழுவினாள். மேடைமேல் மூடி திறந்து கிடந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கையில் எடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"அத கழுவாத" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்து. "மூடி வெச்சிடு."